ஓர் அடிக்கு ஏழு மில்லிமீட்டர்

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் கிளப் ஹவுஸில் பிங்பாங் மேசைகள் இரண்டையும் ஒட்டிப் போட்டு, சி பிளாக் நண்பர் ஒருவர் தன் மாடல் ரயில்களை ஓட்டிக் காட்டியது பலருக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் இரண்டு மணி நேரம் நகரவில்லை. அவர் எல்லா இஞ்சின்களையும் தொட விட்டார், ஒன்றைத் தவிர. அது கறுப்பு நிறம். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். சிவப்புக் கோடுகள் தலைமுடி அளவுக்கு மெல்லியவை. ஓடவும் இல்லை, பெட்டியை விட்டு முழுதாக வெளியே வரவும் இல்லை. என்ன விலை என்று கேட்டதற்கு நண்பர் சிரித்துவிட்டு, வீட்டம்மா பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள் என்றார். பெட்டியின் மேல் பாசெட்-லோக் என்று ஒரு பெயர். அந்தப் பெயருக்குரியவர் யார் என்று அன்று அவர் சொன்னது கொஞ்சம், பிறகு நான் தேடிப் படித்தது அதிகம். இந்த இதழில் அவர் கதை.

வென்மன் ஜோசப் பாசெட்-லோக் 1877 டிசம்பரில் இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் நகரத்தில் பிறந்தார். செருப்புத் தைக்கும் ஊர் அது. நம் ஆம்பூர், வாணியம்பாடி மாதிரி ஊர் முழுக்கத் தோல், காலணி. லோக் குடும்பத்தின் தொழில் மட்டும் வேறு. அப்பா ஜோசப் டாம் லோக் நீராவி பாய்லர் செய்பவர். பட்டறையைத் தொடங்கியவர் பாசெட் என்ற பெயருடைய பெரியவர், குடும்பத்துக்குத் தாத்தா முறை. அந்த இரண்டு பெயரும் சேர்ந்ததுதான் பின்னால் உலகம் முழுக்கப் போன பெயர்.

பையன் பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டான். கொஞ்ச காலம் ஒரு கட்டட வரைபடக்காரரின் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு அப்பாவின் பட்டறைக்கே வந்து சேர்ந்தான். அந்தக் கட்டட அலுவலகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பட்டறையில் கணக்கு எழுதிய ஹாரி ஃபிராங்க்ளின் என்ற இளைஞரும் இவரும் நண்பர்கள். 1890-களின் கடைசியில் இங்கிலாந்தில் மாலை நேரத்தில் வீட்டுக்குப் பின்புறக் கொட்டகையில் சின்ன லேத் வைத்து நீராவி இஞ்சின் செய்வது நடுத்தரக் குடும்பத்து ஆண்களுக்கு ஒரு பித்தாகவே இருந்தது. 1898-ல் அவர்களுக்கென்றே ஒரு பத்திரிகையும் தொடங்கியது. ஆனால் அவர்களுக்கு வேண்டிய சின்னச் சின்ன வார்ப்புகள், வால்வுகள், திருகுகள் எங்கே கிடைக்கும்? பெரிய பட்டறைக்காரர் யாரும் அரை அங்குல சிலிண்டருக்காக அடுப்பு மூட்ட மாட்டார். நண்பர்கள் இருவரும் அந்த இடத்தைப் பிடித்தார்கள். பத்திரிகையில் விளம்பரம், தபால் வழி வியாபாரம். முதல் விலைப்பட்டியலில் படம் அச்சிட வசதி இல்லாமல் நிஜப் புகைப்படங்களைக் கையால் ஒட்டி அனுப்பினார்கள். இன்று ஆன்லைனில் பொருள் வாங்கும் நமக்கு இது புதிதில்லை. அன்று, பொருளைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு புகைப்படத்தை நம்பிப் பணம் அனுப்பச் செய்வதே பெரிய காரியம்.

1900-ல் பாரிஸ் நகரத்தில் உலகக் கண்காட்சி. லோக் அங்கே போனார். அங்கு ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்துப் பொம்மைக்காரர்களைச் சந்தித்தார். அவர்களில் பிங் சகோதரர்கள் கம்பெனியின் ஸ்டீஃபன் பிங் ஒருவர். நியூரம்பர்க்கிலேயே தொழில் நடத்திய பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் காரெட் இன்னொருவர். தகரத்தில் ரயில் செய்வதில் அவர்களை மிஞ்ச அன்றைக்கு ஆள் இல்லை. ஆனால் அவர்கள் ரயில் எந்த நாட்டு ரயிலும் இல்லை. பொதுவாக ஓர் இஞ்சின், நாலு சக்கரம், ஒரு புகைபோக்கி, பளிச்சென்று ஒரு வண்ணம். அதையே பாரிசிலும் விற்றார்கள், லண்டனிலும் விற்றார்கள்.

லோக் அவர்களிடம் கேட்டது ஒன்றுதான். எங்கள் ஊர் ஸ்டேஷன் வழியாகத் தினமும் போகிற இஞ்சினை அதே போலச் செய்து கொடுங்கள். சக்கரங்களின் எண்ணிக்கை, புகைபோக்கியின் உயரம், பாய்லரின் கோடு, கம்பெனியின் நிறம் எல்லாம் அளவுப்படி. நார்த்தாம்ப்டன் வழியாக ஓடியது லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே. அதன் கறுப்பு இஞ்சின்களில் ஒன்றின் பெயர் பிளாக் பிரின்ஸ். அதையே பிங் கம்பெனி நியூரம்பர்க்கில் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. தண்ணீர் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கு ஏற்றினால் நிஜ நீராவியில் ஓடும். வாங்கியவர்கள் பொம்மை என்று நினைத்து வாங்கவில்லை. தாங்கள் தினம் ஏறும் ரயிலை வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று வாங்கினார்கள்.

அளவு என்று சொன்னேன். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இந்த மனிதரின் வாழ்க்கையே அதைச் சுற்றித்தான். தண்டவாள அகலத்தைப் பொறுத்து மாடல்களுக்கு எண் கொடுத்தார்கள். பூஜ்ய அளவு என்றால் தண்டவாளங்களுக்கு இடையே 32 மில்லிமீட்டர். அதற்கு இங்கிலாந்தில் நிஜத்தின் ஓர் அடிக்கு மாடலில் ஏழு மில்லிமீட்டர் என்று கணக்கு. அறுபது அடி நீள இஞ்சின் 42 சென்டிமீட்டர் ஆகிவிடும். வீட்டைச் சதுர அடியில் எண்ணுகிற நமக்குப் புரியும்படி சொன்னால், இந்தக் கணக்கில் ஆயிரம் சதுர அடி ஃபிளாட் ஒரு கேரம் போர்டின் பாதிக்கும் குறைவான இடத்தில் அடங்கும்.

எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் சரியாகிவிடும் என்று நினைப்போம். ஆகாது. நீளம் சுமார் 43-ல் ஒரு பங்கு ஆகும்போது, பாய்லரின் வெளிப்பரப்பு ஏறக்குறைய 1,900-ல் ஒரு பங்கு ஆகிறது, உள்ளே கொள்ளும் தண்ணீரோ ஏறக்குறைய 80,000-ல் ஒரு பங்கு. அதாவது தண்ணீரின் அளவோடு ஒப்பிட்டால் சூடு வெளியேறும் பரப்பு மிக அதிகம். இட்லிப் பானையை விடச் சின்ன டம்ளர் சீக்கிரம் ஆறுகிற அதே கதைதான். நிஜ பாய்லரின் அரை அங்குலத் தகட்டைச் சுருக்கினால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது. அந்தத் தகட்டில் நீராவி அழுத்தத்தை நம்பி வைக்க முடியாது. ஆகவே தகடு தடிமனாக வேண்டும், சக்கர விளிம்பு கனமாக வேண்டும், பிஸ்டனுக்கு எண்ணெய் போகிற வழி பெரிதாக வேண்டும், பார்க்க மட்டும் எதுவும் மாறினதாகத் தெரியக்கூடாது. எங்கே பொய் சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது என்று தெரிந்தவர்தான் நல்ல மாடல் வடிவமைப்பாளர்.

அப்படி ஒருவரை லோக் பிடித்துவைத்திருந்தார். ஹென்றி கிரீன்லி. வரைபலகையில் உட்கார்ந்தால் எழுந்திருக்காத மனிதர். லோக் விற்ற இஞ்சின்களில் நல்லவை பலவற்றின் வரைபடம் இவர் கையில் பிறந்தது. தண்டவாளம், சிக்னல், ஸ்டேஷன் சாமான்கள் செய்வதற்கு ஜார்ஜ் விண்டரிங்ஹாம் என்பவர் நார்த்தாம்ப்டனிலேயே பட்டறை நடத்தினார். ஜெர்மனியில் பிங், காரெட், மேர்க்ளின். ஊரில் பித்தளைத் தகட்டை அரத்தால் ராவி, வெள்ளீயம் வைத்துப் பற்றவைத்து, பூனை முடித் தூரிகையால் கோடு இழுத்த பெயர் தெரியாத கைகள். இத்தனை பேர் செய்ததற்கு மேல் ஒரே பெயர்: பாசெட்-லோக்.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. இவர் கையால் செய்தது எது? உண்மையைச் சொன்னால், மிகக் குறைவு. ஆனால் நம் கட்டடத்தில் வீட்டு வேலை செய்வித்தவர்களுக்குத் தெரியும். நல்ல தச்சரும் கிடைப்பார், நல்ல பெயின்டரும் கிடைப்பார். மேலே நின்று இது போதாது, கழற்றி மறுபடி செய்யுங்கள் என்று சொல்ல ஒருவர் இல்லாவிட்டால் கதவு சாத்தாது. லோக் அந்த ஒருவர். அதோடு பணம் புரட்டவும் விளம்பரம் எழுதவும் தெரிந்தவர். கிரீன்லியின் பெயர் இன்னும் பெரிதாக அச்சாகியிருக்கலாம் என்பது என் சொந்தக் கருத்து.

1908-ல் லண்டன் ஹை ஹோல்பர்ன் தெருவில் கடை திறந்தார்கள். 1910-ல் லிமிடெட் கம்பெனி. கடையில் இரண்டு விதமான சரக்கு. அச்சிட்ட தகரத்தை மடித்துச் செய்த, சாவி கொடுத்தால் ஓடும் மலிவு ரயில்கள் ஒரு பக்கம். வசதி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லி, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கும் கைவேலை இஞ்சின்கள் இன்னொரு பக்கம். ரயில்வே கம்பெனிகளும் கப்பல் கம்பெனிகளும் தங்கள் அலுவலக வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க மாடல்கள் செய்யச் சொன்னார்கள். ஆனால் லோக் கொள்கையால் சோஷலிஸ்ட், ஃபேபியன் சங்கத்து உறுப்பினர். பணக்காரர் வீட்டு அலமாரிக்கு விலை உயர்ந்த இஞ்சின் விற்றுக்கொண்டே, நல்ல வடிவமைப்பு எல்லார் வீட்டுக்கும் போக வேண்டும் என்று பேசியவர். முரண்பாடுதான். மலிவு ரயிலிலும் அளவு பிசகக்கூடாது என்று அவர் பிடித்த பிடிவாதத்தில் அதற்கு ஏதோ பதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

மாடல் கொஞ்சம் பெரிதானால் என்ன என்ற ஆசையும் அவரை விடவில்லை. 1904-ல் சின்ன ரயில்களுக்கென்றே தனிக் கம்பெனி தொடங்கினார். அடுத்த ஆண்டு லிட்டில் ஜயண்ட் என்ற இஞ்சின் தயாரானது. தண்டவாள அகலம் 15 அங்குலம். ஆள் உட்கார்ந்து ஓட்டலாம், பின்னால் பெட்டிகளில் குடும்பங்கள் ஏறலாம். வரைந்தவர் கிரீன்லிதான். பிளாக்பூல் கடற்கரையில் அதை ஓட்டினார்கள். பின்னர் வேல்ஸ் நாட்டு ரில் கடற்கரை. பூங்காவுக்குப் போனால் பிள்ளைகளை ஏற்றிவிடுகிற குட்டி ரயில்களுக்கெல்லாம் இவை மூத்தவை. 1915-ல், இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் இரும்புத்தாது ஏற்றிப் பயனில்லாமல் மூடிக் கிடந்த ராவன்கிளாஸ் - எஸ்க்டேல் பாதையை எடுத்து, அகலத்தைச் சுருக்கி, 15 அங்குலத் தண்டவாளம் போட்டார்கள். ஏழு மைல் பாதை. இன்றும் அதில் நீராவி ரயில் ஓடுகிறது.

1915 என்று சொல்லும்போதே நடுவில் போர் வந்துவிட்டது தெரியும். 1914 ஆகஸ்டில் இங்கிலாந்தும் ஜெர்மனியும் மோதிக்கொண்டன. லோக்கின் சரக்கில் பெரும்பகுதி நியூரம்பர்க்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரே வாரத்தில் எல்லாம் நின்றது. ஜெர்மன் பெயர் உள்ள கடைகள்மீது கல் எறிந்த காலம். ஜெர்மனியில் தொழில் நடத்திய பிரெஞ்சுக்காரரான காரெட்டின் நிலை இன்னும் மோசம், அவர் தொழிற்சாலை 1917-ல் மூடப்பட்டது. நார்த்தாம்ப்டனில் மாடல் செய்த கைகள் ஆயுத உற்பத்திக்கான துல்லிய அளவுக் கருவிகள் செய்யப் போயின. மில்லிமீட்டரில் பழகிய கைகளுக்கு அந்த வேலை சுலபமாக வந்தது.

இந்த நேரத்தில்தான் கல்யாணம். மணப்பெண் ஃபுளோரன்ஸ் ஜேன் ஜோன்ஸ். ஊரின் பெரிய காலணித் தொழிற்சாலையான குரோக்கெட் அண்ட் ஜோன்ஸ் குடும்பத்துப் பெண். 1917-ல் திருமணம். அதற்கு முந்தைய ஆண்டே டெர்ன்கேட் என்ற தெருவில் 78-ம் எண் வீடு வந்துவிட்டது, அப்பாவின் அன்பளிப்பு. நூறு வருஷப் பழைய, வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. குறுகல், இருட்டு. சிறுவயதில் கட்டட அலுவலகத்தில் உட்கார்ந்த மனிதர் சும்மா இருப்பாரா? ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் சார்லஸ் ரென்னி மக்கின்டாஷ் அப்போது லண்டனில், வேலை அதிகம் இல்லாமல் நொந்துபோய் இருந்தார். அவரைப் பிடித்து வீட்டை மாற்றித் தரச் சொன்னார்.

கடிதத்தின் மேல் கடிதம் எழுதி, இந்தப் பிடி எங்கே, அந்த விளக்கு எங்கே என்று வேலை வாங்கியிருக்கிறார். மக்கின்டாஷ் முன்கூடத்தை முழுக்கக் கறுப்பாக்கி, சுவரின் மேல்பகுதியில் மஞ்சள் முக்கோணங்களை அடுக்கினார். மாடிப்படியை எடுத்துத் திருப்பி வைத்தார். வீட்டின் பின்புறம் கொஞ்சம் நீட்டிக் கட்டிப் பால்கனி வைத்தார். பால்கனியை மூடிக் கண்ணாடி போட்டுவிட்ட நம்மில் பலர் அந்த வீட்டைப் பார்க்க வேண்டும் (நானும்தான்).

அந்த வீட்டு மேசை நாற்காலிகளில் சிலவற்றைச் செய்தது யார் தெரியுமா? ஐல் ஆஃப் மேன் தீவில் நாக்கலோ என்ற முகாம். இங்கிலாந்தில் குடியிருந்த ஜெர்மானியர்களை எதிரி நாட்டார் என்று ஆயிரக்கணக்கில் அடைத்துவைத்த இடம். அவர்களில் நல்ல தச்சர்கள் இருந்தார்கள். சும்மா இருந்தால் மனம் கெட்டுவிடும் என்று குவேக்கர் அமைப்பினர் அங்கே பட்டறை நடத்தினார்கள். ஜெர்மன் நாயைக்கூடத் தெருவில் விரட்டிய அந்தக் காலத்தில், தன் புது வீட்டு மரச்சாமானுக்கு ஆர்டரை அந்த முகாமுக்குக் கொடுத்தார் லோக். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த காரியம் இது. பிளாக் பிரின்ஸைச் செய்து அனுப்பியவர்கள் எப்படிப்பட்ட வேலைக்காரர்கள் என்று அவருக்குத் தெரியும். அரசாங்கம் எதிரி என்று சொன்னதால் அது மறந்துபோய்விடவில்லை.

நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா அவருடைய நண்பர். நார்த்தாம்ப்டன் வந்தால் இந்த வீட்டில் தங்குவார். விருந்தினர் அறையில் கட்டிலுக்குப் பின்னால் சுவரிலிருந்து கூரை வரை கண்ணைப் பறிக்கும் கோடுகள். இதில் எப்படித் தூங்குவாரோ என்று ஃபுளோரன்ஸ் அம்மாள் கவலைப்பட, தனக்குக் கண்ணை மூடித் தூங்குகிற பழக்கம்தான் என்று ஷா சமாதானம் சொன்னதாக ஒரு கதை.

போர் முடிந்தது. நியூரம்பர்க்குடன் மறுபடி பேச்சு தொடங்கினார். வாடிக்கையாளர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை, உள்நாட்டுச் சரக்கே வேண்டும் என்றார்கள். அவர்களுக்காக விண்டரிங்ஹாம் பட்டறையில் உற்பத்தி பெருகியது. லோக் இரண்டு பக்கமும் நடந்தார். வியாபாரி அல்லவா. 1922-ல் பிங் கம்பெனியும் அவரும் சேர்ந்து, சாப்பாட்டு மேசைமேல் ஓட்டக்கூடிய குட்டி ரயிலைக் கொண்டுவந்தார்கள். அதுவரை மாடல் ரயிலுக்குத் தோட்டமோ பெரிய அறையோ வேண்டும். இது சின்ன வீட்டுக்காரர்களுக்கான ரயில், நம்மைப் போன்றவர்களுக்கு.

இதில் கிரீன்லி ஒரு சமரசம் செய்தார். தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். அதற்குச் சரியான கணக்கு ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர். ஆனால் இங்கிலாந்து இஞ்சின்கள் உடம்பு சிறுத்தவை. அவ்வளவு சின்ன உடம்புக்குள் சாவி இயந்திரம் நுழையாது. ஆகவே உடம்பை மட்டும் அடிக்கு நாலு மில்லிமீட்டர் என்று பெரிதாக்கினார். தண்டவாளம் ஒரு கணக்கு, வண்டி ஒரு கணக்கு. நூறு ஆண்டு கழித்தும் இங்கிலாந்தில் பெருவாரியாக விற்கும் மாடல் ரயில்கள் இந்தப் பொருந்தாத அளவில்தான் ஓடுகின்றன. துல்லியமே பிழைப்பாக இருந்த கம்பெனியிலிருந்து வந்த பிசகு இது. சேகரிப்பாளர்கள் இன்றும் இதைப் பற்றி மனஸ்தாபப்படுகிறார்கள் என்று சி பிளாக் நண்பர் சொன்னார். அவர் குரலிலும் கொஞ்சம் மனஸ்தாபம் தெரிந்தது.

வசதி பெருகியது, இன்னொரு வீடு கட்ட ஆசை வந்தது. மக்கின்டாஷ் அதற்குள் பிரான்சுக்குப் போய்விட்டார். லோக் தேடிப் போனது மறுபடி ஒரு ஜெர்மானியரை. பெர்லினில் பெரிய டர்பைன் தொழிற்சாலையை வடிவமைத்த பீட்டர் பேரன்ஸ். 1926-ல் நார்த்தாம்ப்டன் வெலிங்பரோ சாலையில் வெள்ளை வெளேரென்று ஒரு பெட்டி மாதிரி வீடு எழுந்தது. பெயர் நியூ வேய்ஸ். இங்கிலாந்தின் முதல் நவீன பாணி வீடு என்று கட்டடக்கலைப் புத்தகங்கள் அதைக் குறிப்பிடுகின்றன. சென்ற போர் முடிந்து எட்டு வருஷம்கூட ஆகவில்லை.

பிங் கம்பெனி உலகப் பொருளாதார வீழ்ச்சியில் சரிந்து, 1930-களின் தொடக்கத்தில் காணாமல் போனது. ஸ்டீஃபன் பிங் அதற்கு முன்பே விலகி, நியூரம்பர்க்கில் டிரிக்ஸ் என்ற பொம்மைத் தொழிலை நடத்திக்கொண்டிருந்தார். 1935-ல் டிரிக்ஸ் ட்வின் ரயில் வந்தது. ஒரே பாதையில் இரண்டு ரயில்களை ஒன்றையொன்று சாராமல் மின்சாரத்தில் ஓட்டலாம் என்பதால் அந்தப் பெயர். லோக் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து, விண்டரிங்ஹாம் பட்டறையிலேயே இங்கிலாந்து நிறங்களில் செய்ய வழி பண்ணினார்.

ஆனால் பிங் குடும்பம் யூதக் குடும்பம். நியூரம்பர்க்கோ ஹிட்லர் கட்சி ஆண்டுதோறும் மாபெரும் கூட்டம் நடத்திய ஊர், யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்களுக்கே பெயர் கொடுத்த ஊர். 1938-ல் ஸ்டீஃபன் பிங் தொழிலை விட்டுக்கொடுத்துவிட்டு நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அவர் வந்தது இங்கிலாந்துக்கு. பாரிஸ் கண்காட்சியில் சந்தித்த நண்பர் அங்கே இருந்தார், முடிந்த உதவியைச் செய்தார். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். நடுவில் ஒரு போர். பிளாக் பிரின்ஸ் யார் பெயரில் விற்றது என்ற கணக்கெல்லாம் அங்கே வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஊர்க் காரியங்களிலும் லோக் சும்மா இருக்கவில்லை. நம் அசோசியேஷன் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதே கஷ்டம் என்று புலம்புகிறோம். இவர் நகர்மன்றத்தில் இருந்தார், நாடகக் குழுவை நடத்தினார், நகரத்துக்கு 1936-ல் திறந்த மவுன்ட்ஸ் பொது நீச்சல் குளத்துக்காக அலைந்தார், கிடைத்த நேரத்தில் கையில் சினிமா கேமராவோடு தான் போன இடமெல்லாம் படம் எடுத்தார். மாடல் ரயில் பற்றிய அவர் கையேடு பதிப்பு மேல் பதிப்பாக வந்தது.

இரண்டாம் உலகப் போரில் பட்டறை மறுபடி திசை மாறியது. எதிரிக் கப்பல் எது, நம் கப்பல் எது என்று மாலுமிகள் அடையாளம் கற்றுக்கொள்ள, நூறு அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் உள்ளங்கைக் கப்பல்கள் செய்தார்கள். 1944 ஜூனில் நேசப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கியபோது, துறைமுகத்தையே துண்டு துண்டாகக் கடலில் இழுத்துப் போய்ச் சேர்த்தார்கள் அல்லவா? அந்த மல்பெரி துறைமுகத்தின் மாடல்களையும் நார்த்தாம்ப்டனில்தான் செய்தார்கள். செய்தவர்கள் வெளியே மூச்சு விடக்கூடாது. மிதக்கும் பாலம், அலைத்தடுப்பு, இறங்குதுறை எல்லாம் அளவு பிசகாமல். இந்த முறை ஒரு மில்லிமீட்டர் தவறினால் முகம் சுளிக்கப்போவது சேகரிப்பாளர் இல்லை.

1953 அக்டோபரில், எழுபத்தைந்து வயதில் லோக் காலமானார். கம்பெனி அவருக்குப் பின் பத்துப் பன்னிரண்டு வருஷம் தாக்குப்பிடித்தது. பிளாஸ்டிக்கில் அச்சடித்த மலிவு மாடல்கள் வந்தன. நிஜ ரயில்வேயே நீராவியைக் கைவிட்டது. 1960-களில் கடைகள் கைமாறின. பெயர் மட்டும் பல கை மாறி, இப்போது ஹார்ன்பி கம்பெனியிடம் இருக்கிறது. அந்த ஹார்ன்பி ஒரு காலத்தில் இவருக்கு எதிர்க்கடை.

டெர்ன்கேட் 78-ம் எண் வீட்டைப் பழைய நிறத்துக்கே கொண்டுவந்து 2003-லிருந்து பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் வேலை காரணமாக அந்தப் பக்கம் இருக்கிறவர்கள், லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான், போய் வரலாம். போக முடியாதவர்களுக்கு சி பிளாக் இருக்கிறது. கறுப்பு இஞ்சினை ஒருமுறை ஸ்பிரிட் ஊற்றி ஓட்டிக் காட்டச் சொல்லி நண்பரிடம் கேட்டிருக்கிறேன். ஸ்பிரிட் விளக்கு என்றதும் கிளப் ஹவுஸில் அனுமதி கிடையாது என்று செயலாளர் சொல்லிவிட்டார். மொட்டை மாடியில் நடத்தலாமா என்று பேச்சு நடக்கிறது.